இடிக்குமுன் எழுதிவைத்தல்: திருவெள்ளறையும் பழங்கட்டடப் பாதுகாப்புக் கல்வியும்

1. கேள்வி

திருச்சிராப்பள்ளியிலிருந்து துறையூர் செல்லும் சாலையில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது திருவெள்ளறை. பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய தலம். நாதமுனிகளின் மாணவர் உய்யக்கொண்டார் பிறந்த ஊர். வெண்பாறைக் குன்றின்மேல், கோட்டையை நினைவூட்டும் உயர்ந்த மதிலுக்குள் புண்டரீகாட்சப் பெருமாள் கோயில் அமைந்திருக்கிறது. மூலவரை அடைய உத்தராயண வாசல், தட்சிணாயன வாசல் என இரு வழிகள் உண்டு. ஆண்டின் ஒரு பாதிக்கு ஒன்று, மறு பாதிக்கு மற்றொன்று. குன்றின் பாறையில் முடிவுபெறாத குடைவரை இருக்கிறது. கோயில் முகப்பில், மேல்நிலைகள் எழாமலே நின்றுபோனதால் மொட்டைக் கோபுரம் என்று ஊரார் நெடுங்காலமாக அழைத்துவந்த வாயில்.

மதிலுக்கு வெளியே உள்ள கிணறு இந்த ஊரின் இன்னொரு பெருமை. நான்கு திசைகளிலிருந்தும் இறங்கும் படிகள் ஒவ்வொன்றும் ஒருமுறை மடங்கித் திரும்ப, மொத்தமும் சுவஸ்திக வடிவம் கொள்கிறது. ஒரு துறையில் குளிப்பவரை மற்றத் துறைகளில் இருப்பவர் காண முடியாது. அதனால் மக்கள் வழக்கில் இது ‘மாமியார் மருமகள் குளம்’. ‘நாலுமூலைக் கேணி’ என்பதும் உண்டு. கல்வெட்டு தரும் பெயர் மார்ப்பிடுகு பெருங்கிணறு. பல்லவ மன்னன் தந்திவர்மனின் 4ஆம் ஆட்சியாண்டில் தொடங்கி 5ஆம் ஆண்டில் இதை முடித்தவன், ஆலம்பாக்கத்து விசய நல்லூழானின் தம்பி கம்பன் அரையன். கி.பி. 800ஐ ஒட்டிய காலம் அது. வாழ்வின் நிலையாமையைச் சொல்லி, இருக்கும்போதே நற்செயல் ஒன்றைச் செய்துவிடும்படி கூறும் தமிழ்ப் பாடலும் அங்கே வெட்டப்பட்டிருக்கிறது.

பாறையைக் குடைந்த வேலை, கல்லை அடுக்கிக் கட்டிய வேலை, நீருக்காகத் தோண்டிய வேலை, பாதியில் நின்ற வேலை ஆகிய நான்கையும் ஒரே ஊரில் பார்க்கக் கிடைப்பது அரிது. பொறுப்பும் இங்கே ஒருவர் கையில் இல்லை. கிணறு இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. பெருமாள் கோயிலின் வழிபாடும் விழாக்களும் இந்து சமய அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் நடக்கின்றன. முன்னதில் ஒரு கல்லைக்கூட இடம் மாற்றாமல் காப்பதே நெறி. பின்னதில் குறித்த காலத்திற்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்துவதே நெறி.

பழங்கட்டடங்களை மீட்பதையும் காப்பதையும் வாழ்நாள் கல்விப்பணியாக எடுத்துக்கொள்ளும் ஓர் ஆய்வாளர், இப்படிப்பட்ட ஓர் ஊரில் செய்ய வேண்டிய முதல் வேலை எது? அவருடைய பணியின் பயனை எதைக் கொண்டு அளப்பது? இந்தக் கட்டுரை ஆராயும் கேள்வி இதுதான். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்தத் திருப்பணிக்கும் முன்னால் கட்டடத்தை முழுமையாகப் பதிவு செய்வதே கல்விப்புலத்தின் முதற்கடமை. இந்தக் கடமை வெளியிலிருந்து வந்ததன்று. தமிழகக் கோயில்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கடைப்பிடித்தது.

2. இதுவரையிலான புரிதல்

பாதுகாப்புக் குறித்த விவாதங்கள் பெரும்பாலும் இரண்டு மரபுகளை எதிரெதிரே நிறுத்துகின்றன.

முதலாவது, தொல்லியல் துறையின் மரபு. 1904ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டமும், துறைத் தலைவராக இருந்த ஜான் மார்ஷல் 1923இல் வெளியிட்ட பாதுகாப்புக் கையேடும் இதற்கு அடித்தளம். சிதைந்ததைப் புதிதாகக் கட்டித் தருவதைவிட எஞ்சியிருப்பதைப் பழுதுபார்த்து நிலைநிறுத்துவதே கடமை என்பது மார்ஷலின் நிலை. இழந்துபோன சிற்பத்தின் இடத்தில் புதுச் சிற்பம் வைப்பது இந்த நோக்கில் வரலாற்றைத் திரிப்பதாகும். 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் இதே கருத்தை உலக அளவில் நெறியாக்கியது. சுதந்திர இந்தியாவின் 1958ஆம் ஆண்டுச் சட்டமும் நடைமுறையில் இந்த வழியிலேயே சென்றது.

இரண்டாவது, ஸ்தபதிகளின் மரபு. ஆகமங்களும் சிற்ப நூல்களும் ஜீரணோத்தாரணம் என்னும் புதுப்பித்தலுக்கு விரிவான விதிகள் தருகின்றன. மயமதத்தில் அதற்கெனத் தனி இயலே உண்டு. பின்னமான மூர்த்தியை வழிபாட்டில் வைத்திருக்கக் கூடாது. பழுதான உறுப்பை அதே பொருளால், அதே அளவால் மாற்ற வேண்டும். பணி நடக்கும் காலத்தில் இறை ஆற்றலைப் பாலாலயம் என்னும் தற்காலிகச் சன்னதிக்கு மாற்றி, முடிந்ததும் குடமுழுக்கு செய்வர். இந்த நோக்கில் கோயில் உயிருள்ளது. அதைப் பழுதோடு விட்டுவைப்பதுதான் குற்றம்.

இந்த இரண்டையும் இணைக்கும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. 1994ஆம் ஆண்டின் நாரா ஆவணம், ஒரு கட்டடத்தின் உண்மைத்தன்மையை அதன் பண்பாட்டுச் சூழலுக்குள் வைத்தே மதிப்பிட வேண்டும் என்றது. சில ஜப்பானியக் கோயில்களில் மரத்தைக் காலந்தோறும் புதிதாக மாற்றுகிறார்கள். அங்கே தொடர்வது பொருள் அன்று, செய்திறன். 1984இல் நிறுவப்பட்ட இன்டாக் அமைப்பு 2004இல் வெளியிட்ட சாசனம் இந்தியச் சூழலுக்கு இதை விரித்தது. வழக்கில் உள்ள கட்டட மரபும் அதைக் கையில் வைத்திருக்கும் ஸ்தபதிகள், சோம்புராக்கள் போன்ற மரபுக் கட்டடக் கலைஞர்களும் பாதுகாப்பின் பகுதியே என்று அது ஏற்றது.

இந்தச் சாசனங்களால் விவாதத்தின் தொனி மாறியது. ஆனாலும் ‘பொருளைக் காப்பதா, மரபைக் காப்பதா’ என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. தமிழகத்தில் ஒவ்வொரு திருப்பணியின்போதும் இந்தக் கேள்வியே சண்டையாகிறது. ஒரு பக்கம் ஆய்வாளர்கள் ‘அழித்துவிட்டார்கள்’ என்கிறார்கள். மறு பக்கம் பக்தர்களும் நிர்வாகமும் ‘கோயிலை அருங்காட்சியகமாக்கப் பார்க்கிறார்கள்’ என்கிறார்கள். இருவரும் ஏற்கக்கூடிய ஒரு பொதுநிலம் வரலாற்றில் இருக்கிறதா? இருக்கிறது என்பதற்குக் கல்வெட்டுகள் சான்று.

3. பழங்கற்படி: கல்வெட்டுகள் காட்டும் வழக்கம்

திருச்சிக்குக் கிழக்கே, கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருமழபாடி, இன்று அரியலூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்குள்ள வைத்தியநாதர் கோயிலில் இருக்கும் கல்வெட்டு, பாதுகாப்புக் கல்வி கற்கும் ஒவ்வொரு மாணவரும் படிக்க வேண்டிய ஆவணம். முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் அந்தக் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாக எடுப்பிக்க ஆணையிட்டான். பிரிப்பதற்குமுன், சுவர்களில் இருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்து வைக்கவும் ஏற்பாடாயிற்று. புதிய விமானம் எழுந்தபின், அவன் மகன் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1026ஐ ஒட்டி, அவை மீண்டும் கல்லில் ஏற்றப்பட்டன. ஆணைக்கும் நிறைவுக்கும் இடையே 13 ஆண்டுகள் போல் கழிந்திருக்கின்றன, அரசன் மாறியிருக்கிறான். ஆயினும் படியெடுத்த புத்தகம் காக்கப்பட்டு, அதன் பயன் நிறைவேறியிருக்கிறது.

இது தனித்த நிகழ்ச்சி அன்று. காவிரிக் கரையில் திருக்கோடிகாவலில் செம்பியன் மாதேவியார் பழைய கோயிலைக் கற்றளியாக்கியபோது, சிதறிக் கிடந்த பழங்கற்களில் இருந்த இருபதுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் புதிய சுவர்களில் மீண்டும் பொறிக்கப்பட்டன. அவை பழங்கற்படி, அதாவது பழைய கல்லின் நகல், என்ற குறிப்போடே வெட்டப்பட்டிருக்கின்றன. பல்லவர் காலத்துக் கொடைகள் சில நமக்குத் தெரிவது அந்த நகல்களால்தான். தமிழகத்தின் வடபகுதியில் திருவல்லத்திலும், மண்டபத்தை இடித்துக் கட்டுவதற்கு முன்பிருந்த கல்வெட்டின் படி இது என்று அறிவித்துத் தொடங்கும் கல்வெட்டு உண்டு.

இந்தச் சான்றுகளை மிகைப்படுத்தாமல் எடைபோட வேண்டும். முதலில், அன்று படியெடுத்தவர்களின் நோக்கம் வரலாற்று ஆர்வம் அன்று. நிலம், பொன், ஆடு, விளக்கு எனக் கோயிலுக்கு வந்த கொடைகளின் உரிமை ஆவணங்கள் அவை. சுவர் போனால் உரிமையும் போகும் என்பதால் காத்தார்கள். இரண்டாவது, எழுத்தைக் காத்தவர்கள் கட்டடத்தைப் பதியவில்லை. திருமழபாடியின் பழைய விமானம் எத்தனை தளம் கொண்டது, அதன் கோட்டங்களில் எந்தத் தெய்வங்கள் இருந்தன என்று அந்தப் புத்தகம் சொல்லவில்லை. மூன்றாவது, நகலில் எழுத்தின் வடிவம் நகலெடுத்த காலத்து வடிவமாக மாறிவிடுகிறது. எழுத்தமைதியைக் கொண்டு காலம் கணிக்கும் ஆய்வாளருக்கு மூலக்கல்லின் சான்று அங்கே இல்லை.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் ஓர் உண்மை எஞ்சுகிறது. புதுப்பிப்பதைப் புண்ணியம் என்று கருதிய அதே சமூகம், பதியாமல் பிரிப்பதைத் தவறு என்று கருதியது. பணிக்குமுன் பதிவு என்னும் நெறியை வெனிஸ் சாசனத்தின் 16ஆம் பிரிவு வலியுறுத்துகிறது. பதிவுகளைப் பொது ஆவணக் காப்பகத்தில் வைக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. கற்சுவரைவிடப் பொதுவான, நிலையான ஆவணக் காப்பகம் சோழர் காலத்தில் ஏது? அந்த வகையில் திருமழபாடி அந்தச் சாசனத்திற்கு ஒன்பது நூற்றாண்டுகள் மூத்தது. இரு மரபுகளும் சந்திக்கும் இடம் இதுவே. பதிவைக் கேட்கும் ஆய்வாளர் ஸ்தபதியிடம் அயல்நாட்டு விதி எதையும் திணிக்கவில்லை. ஸ்தபதியின் முன்னோர் செய்ததையே கேட்கிறார்.

இந்த நெறி கைநழுவியதன் விலை பெரிது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும் நகரத்தார் பெரும்பொருள் செலவிட்டுப் பாடல்பெற்ற தலங்கள் பலவற்றைக் கருங்கல்லில் புதுப்பித்தார்கள். வழிபாடு தளர்ந்திருந்த ஊர்களுக்கு அவர்கள் உயிர் கொடுத்தார்கள். அந்தக் கொடையின் பெருமையை மறுப்பதற்கில்லை. ஆனால் பல இடங்களில் சோழர் காலச் சுவர்கள் எழுத்தோடு மறைந்தன. அவற்றுள் சிலவற்றின் வாசகம் இன்று கிடைப்பது, 1880களிலிருந்து ஊர் ஊராகச் சென்று மைப்படி எடுத்த கல்வெட்டுத் துறையினர் முந்திக்கொண்டதால் மட்டுமே.

4. நான்கு பணிவாழ்க்கைகள்

பழங்கட்டட ஆய்வையும் பாதுகாப்பையும் பணியாகக் கொண்டவர்கள் தமிழகத்தில் எந்தெந்த வழிகளில் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பது பயனுடையது. நான்கு பேரின் வழிகளை எடுத்துக்கொள்கிறேன்.

கே.ஆர். சீனிவாசன் தொல்லியல் துறை அறிஞர். தென்னிந்தியக் குடைவரைகளை ஒவ்வொன்றாக அளந்து, தூண், போதிகை, வாயில், கோட்டம் என உறுப்பு உறுப்பாக விவரித்துப் பல்லவர் குடைவரைகள் பற்றி 1964இல் அவர் வெளியிட்ட நூல், கோயில் கட்டடக்கலை அளவீட்டு வரிசையின் முதல் நூலாக வந்தது. அரை நூற்றாண்டு கடந்தும் குடைவரை ஆய்வுக்கு அது அடிப்படை. ஒரு நல்ல பதிவு அதைச் செய்தவரின் காலத்தைத் தாண்டி உழைக்கும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

வை. கணபதி ஸ்தபதி பரம்பரை வழியில் வந்தவர். 1957இல் மாமல்லபுரத்தில் தொடங்கப்பட்ட அரசு சிற்பக்கலைப் பயிற்சி நிறுவனம், பின்னர் கல்லூரியாக வளர்ந்தது. தந்தை வைத்தியநாத ஸ்தபதிக்குப் பின் அதன் பொறுப்பை ஏற்று நெடுங்காலம் நடத்தினார். தந்தையிடமிருந்து மகனுக்கு என்று சென்ற அறிவு, பாடத்திட்டமும் பட்டமும் உள்ள கல்வியாயிற்று. கன்னியாகுமரியில் 2000ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலை அவர் வடிவமைத்தது. அவர் வழி வந்தவர்களின் வலிமை புதிதாகக் கட்டுவதில் இருக்கிறது. பழைய சுவரில் எது எந்தக் காலத்தது என்று பிரித்தறிவது அந்தக் கல்வியின் மையமாக அமையவில்லை.

இரா. கலைக்கோவன் திருச்சியில் கண் மருத்துவர். பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லாமல், தம் தந்தை பெயரில் டாக்டர் மா. இராசமாணிக்கனார் வரலாற்றாய்வு மையத்தை நிறுவி, திருச்சி வட்டாரக் கோயில்களையும் குடைவரைகளையும் அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தவர். கல்லூரிப் பேராசிரியர்களையும் மாணவர்களையும் களத்திற்கு அழைத்துச் சென்று, முடிவுகளைத் தமிழிலேயே, ‘வரலாறு’ ஆய்விதழிலும் நூல்களிலும் வெளியிட்டார். ஊர்க்காரரும் ஸ்தபதியும் கோயில் அலுவலரும் படிக்கக்கூடிய மொழியில் பதிவு கிடைக்க இவ்வகை உழைப்பே காரணம்.

நான்காமவர் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் கட்டமைப்பியல் பேராசிரியர் அருண் மேனன். பாரம்பரியக் கட்டமைப்புகளின் பாதுகாப்புக்கான தேசிய மையம் அங்கே இயங்குகிறது. கல் உத்தரம் எவ்வளவு சுமை தாங்கும், கோபுரத்தின் விரிசல் வளர்கிறதா நிற்கிறதா, நில அதிர்வில் எந்தப் பகுதி முதலில் பெயரும் என்பவை இத்துறை கேட்கும் கேள்விகள். 2010 மே மாதம் காளத்தியின் இராசகோபுரம் சரிந்தது. கிருட்டிணதேவராயர் 1516இல் எழுப்பிய அந்தக் கோபுரம் வீழ்ந்தபின், இத்தகைய ஆய்வு எதற்கு என்ற கேள்விக்கு இடமில்லாமல் போயிற்று.

நால்வரும் விட்டுச் செல்வன வேறு வேறு: அளவீட்டு நூல், பயிற்சி பெற்ற கைகள், படித்தறிந்த கல்வெட்டு, கணக்கிட்ட வலிமை. ஒரு கோயிலைச் சரியாகக் காக்க நான்கும் வேண்டும். ஆனால் ஒரு குறிப்பிட்ட கோயிலில், ஒரு குறிப்பிட்ட திருப்பணிக்கு முன்னால், இந்த நான்கையும் ஒரே கோப்பில் சேர்ப்பது எவருடைய வேலை? பாதுகாப்பைக் கல்விப்பணியாக ஏற்பவருக்கு உரிய இடம் அந்த இடைவெளிதான். கல்வெட்டாய்வாளரோ பொறியாளரோ ஸ்தபதியோ செய்வதை அவரே செய்ய வேண்டியதில்லை. அவர்கள் அறிவதையெல்லாம் கட்டடத்தின்மேல் ஒருசேரக் குறித்து வைப்பது அவர் வேலை.

5. திருவரங்கம்: பதிவு இருந்ததும் இல்லாததும்

திருவெள்ளறைக்கு அண்மையில் உள்ள திருவரங்கம் இதற்குச் சோதனைக் களம். 156 ஏக்கர், 7 திருச்சுற்றுகள், 21 கோபுரங்கள் கொண்ட இக்கோயிலைப் போல் எழுத்தில் பதிவான கோயில் தமிழகத்தில் குறைவு. நிர்வாக நிகழ்வுகளையும் கட்டடப் பணிகளையும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் கோயிலொழுகு இருக்கிறது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24ஆம் தொகுதி முழுவதும் இக்கோயிலுக்கே உரியது. 1960களில் இந்திய அரசின் வேண்டுகோளின்பேரில் யுனெஸ்கோ வல்லுநர்கள் இக்கோயிலை ஆராய்ந்தனர். பாரிஸ் கீமே அருங்காட்சியகத்தின் ழானின் ஓபோயே எழுதிய நூலை யுனெஸ்கோ 1969இல் வெளியிட்டது.

பின்வந்த பணிகளை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். நெடுங்காலமாக அடித்தளத்தோடு நின்றிருந்த இராயகோபுரம், அகோபில மடத்தின் 44ஆம் பட்டம் சீயர் முயற்சியால் 1979இல் தொடங்கி 1987இல் 13 நிலைகளோடு 236 அடி உயரத்திற்கு நிறைவுற்றது. ஊரின் நெடுநாள் வேண்டுதல் நிறைவேறியதாகவே மக்கள் அதைக் கொண்டாடினர். மார்ஷலின் நெறியில் நின்றால் இது பாதுகாப்பு ஆகாது. ஆகம நெறியில் நின்றால் தடைபட்ட கடமையின் நிறைவு. எந்த நெறியில் நின்றாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: மேலே கட்டுமுன் கீழே இருந்தது முழுதாக அளந்து வரையப்பட்டதா?

2015 குடமுழுக்குக்கு முன் நடந்த பணி வேறு வகையானது. பல காலமாகச் சேர்ந்திருந்த பிற்காலச் சேர்க்கைகள் அகற்றப்பட்டன. மரபு முறைகளும் பொருள்களும் கையாளப்பட்டன. கோயிலின் பழைய மழைநீர் வடிகால் அமைப்பு மீண்டும் செயலுக்கு வந்தது. 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பண்பாட்டுப் பாரம்பரியப் பாதுகாப்பு விருதுகளில் தகுதி விருது இப்பணிக்குக் கிடைத்தது. தமிழகக் கோயில் திருப்பணி ஒன்று வழிபாட்டை நிறுத்தாமலே உலகத் தரத்தை எட்ட முடியும் என்பதற்கு இது சான்று.

அடுத்த சான்று எச்சரிக்கை. 2023 ஆகஸ்ட் 5 அதிகாலை, கிழக்குக் கோபுரத்தின் கீழ்நிலைகளில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. விருது பெற்ற கோயிலிலேயே இது நடந்ததைக் குற்றச்சாட்டாக அல்ல, பாடமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். 21 கோபுரங்களும் எண்ணற்ற மண்டபங்களும் உள்ள இடத்தில், குடமுழுக்கை ஒட்டி மட்டும் கட்டடத்தைக் கவனிப்பது போதாது. ஒவ்வொரு விரிசலும் எந்த நாளில் எவ்வளவு அகலம் இருந்தது என்ற தொடர்பதிவு வேண்டும்.

6. பதிவில் என்ன இருக்க வேண்டும்?

பதிவு என்றால் நான்கு புகைப்படம் அன்று. திருவெள்ளறையையே எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதலாவது, அளவை வரைபடம். கோயில் பாறைச் சரிவில் எழுந்திருப்பதால் ஒவ்வொரு திருச்சுற்றின் தரைமட்டமும் வேறுபடும். மழைநீர் எங்கே இறங்குகிறது, எங்கே தேங்குகிறது என்பதை மட்டங்களோடு வரைந்தால்தான் ஈரம் சுவரில் ஏறும் காரணம் தெரியும். காரணம் தெரியாமல் பூசும் பூச்சு வீண்.

இரண்டாவது, காலப் பகுப்பு. எந்தக் கல் எந்தக் காலத்தது, எது இடம் மாறி வந்தது, எது பிற்காலத்தில் தைத்தது என்று சுவர் வரைபடத்தின்மேல் குறிக்க வேண்டும். துண்டாகி நிற்கும் கல்வெட்டு, தலைகீழாகக் கிடக்கும் எழுத்து, திசை மாறிய சிற்பம் ஆகியவை பழைய திருப்பணிகளின் சாட்சிகள். இன்றைய திருப்பணி அவற்றை ஒழுங்குபடுத்தினால் அந்தச் சாட்சியம் போய்விடும்.

மூன்றாவது, பொருள் ஆய்வு. பழைய கட்டுமானம் சுண்ணாம்பை நம்பியது. நீற்றி, புளிக்கவைத்து, அரைத்து, கடுக்காயும் வெல்லமும் சேர்த்த சாந்து மெல்ல இறுகும். ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் விரைந்து இறுகும். ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் உப்பைக் கரைத்து எடுத்துவந்து கல்லின் மேல்தோலில் படியவைக்க, தோல் உதிர்கிறது. மேல்தளத்திலும் இதே நிலை. ஒழுகும்போதெல்லாம் பழைய தளத்தை எடுக்காமல் மேலே புதுத்தளம் போட்டுக்கொண்டே போனால் சுமை ஏறும். வளைவிழுவையைத் தாங்காத கல் உத்தரம் நடுவில் வெடிக்கும். உத்தரத்திற்கு முட்டுக் கொடுக்குமுன் மேலே எத்தனை அடுக்கு இருக்கிறது என்று பார்ப்பதே ஆய்வு.

நான்காவது, எழுத்துப் பாதுகாப்பு. உயர் அழுத்தத்தில் மணலை வீசித் தூய்மை செய்வதால் கல் வெளுக்கிறது. ஆனால் ஆழம் குறைந்த எழுத்தின் விளிம்பு மழுங்குகிறது. ஆயிரம் ஆண்டு வெயிலும் மழையும் செய்யாத சேதத்தை ஒரு பிற்பகல் செய்துவிடும்.

ஐந்தாவது, வழக்காறு. எந்த வாசல் எப்போது திறக்கும், உற்சவர் எந்த வழியில் எழுந்தருள்வார், எந்தக் கல்லின்மேல் தீர்த்தம் விழும் என்பன கட்டடத்தின் தேய்மானத்தையும் பயன்பாட்டையும் விளக்கும். கிணற்றைப் பற்றி ஊர்ப் பெண்கள் சொல்லும் பெயருக்கும் காரணத்திற்கும் கல்வெட்டுக்கு அருகிலேயே அந்தக் கோப்பில் இடம் வேண்டும்.

மொட்டைக் கோபுரம் போன்ற முடிவுறாத பகுதியில் இந்தப் பதிவின் தேவை இருமடங்கு. கல்லை எப்படி ஏற்றினார்கள், எந்த நிலையில் வேலை நின்றது, எந்த முகம் செதுக்கப்படாமல் விடப்பட்டது என்று முடிந்த கோபுரம் காட்டாது. முடியாத கோபுரமே காட்டும். அப்படிப்பட்ட வாயிலை முடிப்பதா விடுவதா என்பதை ஊரும் நிர்வாகமும் ஆகம அறிஞரும் தீர்மானிக்கட்டும். அந்தத் தீர்மானத்திற்கு முன்னால் அது கல் கல்லாக வரையப்பட்டிருக்க வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை.

7. கல்விப்புலத்தின் அளவுகோல்

இந்த வேலையைச் செய்ய ஆளில்லையா? டெல்லியிலும் பிற நகரங்களிலும் பாதுகாப்புக் கட்டடக்கலையில் முதுநிலைப் படிப்புகள் நடக்கின்றன. திருச்சியிலேயே தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் கட்டடக்கலைத் துறை இருக்கிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலும் கட்டடக்கலையும் சிற்பமும் ஒரே வளாகத்தில் உள்ளன. தொல்லியல் துறையின் திருச்சி வட்டம் 2020இல் தனியாக உருவானது. ஆட்கள் இருக்கிறார்கள்.

குறை, மதிப்பிடும் முறையில் இருக்கிறது. பல்கலைக்கழக ஆசிரியரின் உயர்வு ஆய்விதழ்க் கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒரு கோயிலை ஈராண்டு அளந்து வரைந்த வரைபடத் தொகுதிக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. கட்டடக்கலை மாணவர்கள் ஆண்டுதோறும் பழங்கட்டடங்களை அளந்து வரைகிறார்கள்; மதிப்பெண் போட்டதும் அவை அலமாரிக்குப் போகின்றன. திருப்பணி தொடங்கும்போது கோயில் அலுவலகத்தின் கைக்கு அவை வருவதில்லை. ஆய்வறிக்கைகள் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. கல்தச்சரும் மேற்பார்வையாளரும் ஒப்பந்ததாரரும் தமிழில் வேலை செய்கிறார்கள். இவ்வாறு அறிவு ஒரு பக்கமும் உளி ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கின்றன.

நீதிமன்றமும் இதைக் கவனித்திருக்கிறது. 2015இல் தானாக முன்வந்து எடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று தொல்சின்னங்கள், கோயில்கள் ஆகியவற்றின் பாதுகாப்புக்காக 75 வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தது. ஆணையால் குழுக்களை அமைக்க முடியும். ஒரு சுவரைப் படிக்கத் தெரிந்தவரை உருவாக்குவது கல்வியால் மட்டுமே முடியும்.

8. எதிர்வாதங்களும் முடிவும்

பதிவு செய்யக் காலமும் பணமும் எங்கே என்பது முதல் எதிர்வாதம். உபயதாரர் காத்திருக்கிறார், குடமுழுக்கு நாள் குறித்தாயிற்று, மழைக்குமுன் முடிக்க வேண்டும். இது உண்மையான நெருக்கடி. அதனால்தான் பதிவு திருப்பணியின் பகுதியாக இல்லாமல், திருப்பணி இல்லாத ஆண்டுகளின் வேலையாக இருக்க வேண்டும் என்கிறேன். இரண்டு குடமுழுக்குகளுக்கு இடையே வழக்கமாக 12 ஆண்டுகள் இருக்கின்றன. ஒரு கல்லூரி ஒரு கோயிலை ஏற்றுக்கொண்டால், ஆண்டுக்கு ஒரு திருச்சுற்று என்று வைத்தாலும் அடுத்த திருப்பணிக்குள் முழுப் பதிவு தயாராகிவிடும்.

வழிபடும் கோயிலில் ஆய்வாளருக்கு என்ன வேலை என்பது இரண்டாவது. கருவறைக்குள் அவர் நுழைய வேண்டியதில்லை. அங்கே அர்ச்சகரின் சொல்லே இறுதி. ஆய்வாளர் காக்க முனைவது அர்ச்சகரின் முன்னோர் பெயரும் உபயதாரரின் முன்னோர் கொடையும் எழுதப்பட்ட சுவரை. அது காக்கப்படுவது வழிபாட்டுக்கு எதிரானதாக ஒருபோதும் இருக்க முடியாது.

பதிவு இருந்தால் இடிக்கலாம் என்ற துணிவு வந்துவிடாதா என்பது மூன்றாவது. மிகக் கடினமானதும் இதுவே. திருமழபாடியில் எழுத்து தப்பியது, விமானம் போயிற்று. நகல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மூலத்திற்கு ஈடாகாது என்பதை நாம் மறக்கக் கூடாது. ஆனால் நடைமுறையில், நன்கு வரையப்பட்ட சுவரை இடிப்பது கடினமாகிறது. ஒவ்வொரு கல்லுக்கும் எண்ணும் காலமும் பொருளும் எழுதப்பட்டபின், அதை அகற்றச் சொல்பவர் காரணம் சொல்லியாக வேண்டும். பதிவில்லாத சுவர் பழுது என்ற ஒரே சொல்லில் விழுந்துவிடுகிறது.

ஆகவே பழங்கட்டடப் பாதுகாப்பைக் கல்விப்பணியாகத் தேர்ந்துகொள்ளும் இளம் ஆய்வாளருக்கு என் வேண்டுகோள் இது. உங்கள் முதல் பத்தாண்டை ஓர் ஊருக்குக் கொடுங்கள். அந்த ஊரின் கல்வெட்டைப் படிக்கவும், சுண்ணாம்பைக் கையால் சோதிக்கவும், ஸ்தபதியின் முழக்கோலைப் புரிந்துகொள்ளவும் கற்றுக்கொள்ளுங்கள். வரைந்ததைத் தமிழில் விளக்கி, கோயில் அலுவலகத்திலும் மாவட்ட நூலகத்திலும் பல்கலைக்கழகத்திலும் ஒவ்வொரு படி வையுங்கள். பல்கலைக்கழகங்கள் அந்தத் தொகுதியை ஒரு நூலுக்கு இணையான ஆய்வாக ஏற்க வேண்டும். அறநிலையத் துறை அது இல்லாமல் எந்தப் பழங்கோயிலின் திருப்பணி மதிப்பீட்டையும் ஏற்கக் கூடாது. இந்த இரண்டு மாற்றங்களுக்கும் புதுச் சட்டமோ பெருநிதியோ தேவையில்லை. இராசராசனின் அலுவலர்கள் ஓலையையும் எழுத்தாணியையும் கொண்டு செய்ததை, அளவுக் கருவிகளும் ஒளிப்படமும் கணினியும் கையில் இருக்கும் நாம் செய்யாமல் விடுவதற்கு ஏற்கத்தக்க காரணம் எதுவும் இல்லை.